பின் போட்டு மூடிய பாடம்

அந்த ஸ்டேப்ளர் பச்சை நிறம். ஒரு ஓரத்தில் பெயிண்ட் உரிந்து உள்ளே இரும்பு தெரியும். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், வேதியியல் சார் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து முதல் பெஞ்சில் வைத்தார். புத்தகம் அன்றைக்குத்தான் கைக்கு வந்திருந்தது. அட்டை போடக்கூட இல்லை. "அணு அமைப்புன்னு ஒரு பாடம் இருக்கா? எடுங்க. மொத்தமாச் சேத்துப் பிடிச்சு மேல ஒரு பின், கீழ ஒரு பின். அடுத்தாப்புல வேதிப் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கும். அதுக்கும் அதே மாதிரி. அடிச்சிட்டுப் பின்னாடி பெஞ்சுக்குக் குடுங்க" என்றார். ஸ்டேப்ளர் பெஞ்சு பெஞ்சாகப் போனது. டக், டக் என்று சத்தம் வகுப்பின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்தது. நடுவில் பின் தீர்ந்துவிட்டது. சார் இன்னொரு பையிலிருந்து புதுப் பின் பெட்டியை எடுத்துப் போட்டார். ஏதோ அவசரத்தில் செய்த காரியம் இல்லை அது. பெட்டி சகிதம் தயாராக வந்திருந்தார். என்னுடைய புத்தகத்தில் தாள் தடிமனாக இருந்ததால் பின் சரியாக இறங்கவில்லை. அவரே வந்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்து இறக்கிவிட்டுப் போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். அப்போது பதினொன்றாம் வகுப்புக்கு அரசுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான். ஆகவே எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பேருக்குத் திறப்பார்கள், மூடுவார்கள். பிறகு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வைப்பார்கள். தேர்ச்சி நூற்றுக்கு நூறு வரும். பேருந்து நிலையத்தில் பேனர் வைப்பார்கள். மற்ற ஆசிரியர்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள். பின் அடிக்கச் சொன்னது இவர் ஒருவர்தான். தப்பித்தவறிக்கூட யாரும் திறந்துவிடக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

அந்தச் சார் இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். விழா எடுக்கிறார்கள். விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். பழைய மாணவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். 'எங்களைச் செதுக்கிய சிற்பி' என்ற மாதிரி எழுதினால் சந்தோஷப்படுவார்கள். என்னால் முடியாது. நான் எழுதுவதை மலரில் போடவும் மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். இன்னும் சார் என்றுதான் வாயில் வருகிறது. பழக்கம்தான். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலருக்கு எழுதச் சொல்லி என்னைக் கேட்டது என் பள்ளித் தோழி. கீழக்கரைக்காரி. நான் கடலாடிக்குப் பக்கத்துக் கிராமம். இருவரும் இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி வந்து படித்தோம். அவளுடைய வாப்பா சவூதியில் இருந்தார். வகுப்பிலேயே வாய் அதிகம் அவளுக்குத்தான். பின் அடித்த அன்றைக்கு எழுந்து நின்று கேட்டவளும் அவள்தான். "சார், பிணைப்பு படிக்காம அடுத்த வருசம் கரிம வேதியியல் எப்படி சார் புரியும்?" சார் சிரித்தார். "ஏம்மா கீழக்கரை, நீ புரிஞ்சு என்ன பண்ணப் போற? ஒப்பிக்கத் தெரியுமா, அது போதும். தவளை அறுக்கிற குரூப்புக்கு அணு எதுக்கு?" வகுப்பு முழுவதும் சிரித்தது. நாங்கள் உயிரியல் பிரிவு. கணக்குப் பிரிவுப் பையன்களை அவர் 'நம்ம பயலுக' என்பார். எங்களைத் தவளை குரூப் என்பார். அவள் உட்கார்ந்து, என் காதோரம் குனிந்து, "தவளைய என்ன களிமண்ணுலயாடி செஞ்சிருக்கு? அதுவும் அணுதானே புள்ள" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததற்கு எனக்குத்தான் அடி விழுந்தது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மருந்தியல் படித்துவிட்டுக் கீழக்கரையில் சொந்தமாக ஒரு மருந்துக் கடை போட வேண்டும். கல்லாவில் அவளே உட்கார வேண்டும். அவர்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். பெண்கள் தங்களுக்கு வந்த நோயைக் கடையில் நிற்கும் ஆணிடம் சொல்லக் கூச்சப்பட்டு, துண்டுத் தாளில் எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். தப்பான மருந்து வரும். சில சமயம் மருந்தே வராது. "எங்க சாச்சி ஒரு மாசம் வயித்து வலியோட கெடந்தா, கடைக்காரன்ட்ட எப்படிச் சொல்றதுன்னு. நான் உக்காந்திருந்தா நேரா வந்து சொல்லியிருப்பால்ல" என்பாள். பதினாறு வயதில் அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது எதுவுமே தெளிவாக இல்லை.

சாருடைய வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் கேள்வியை வாசிப்பார். பிறகு பதிலை வாசிப்பார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் பேனா மூடியால் மண்டையில் ஒரு கொட்டு. அர்த்தம் மாறாமல் சொந்தமாகச் சொன்னால் அதற்கும் கொட்டு. "கேள்வி கேக்குறவன் ஃபெயிலு. பதில் எழுதுறவன் பாஸு" என்பது அவர் தினமும் சொல்வது. கேள்வி ஏதாவது கேட்டால் "எத்தனை மார்க்குக் கேள்வி இது?" என்று திருப்பிக் கேட்பார். மார்க் இல்லாத கேள்வியென்றால் உட்கார வேண்டியதுதான். மீத்தேன், எத்தேன், ஆல்கஹால், ஆல்டிஹைடு என்று கோடும் எழுத்தும் கலந்த படங்களைக் கோலம் போடுவதுபோல மனப்பாடமாக வரைந்தோம். கார்பனைச் சுற்றி ஏன் நாலு கோடு, ஆக்சிஜனுக்கு ஏன் இரண்டு, அந்தக் கோடு என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கோடு என்றால் கோடு, அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்தவள் ஒருமுறை கார்பனுக்கு ஐந்து கோடு போட்டாள். அவள் வரைந்ததில் என்ன தப்பு என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. சார் கொட்டினார். தப்பு என்று தெரிந்துகொண்டோம்.

இதோடு போயிருந்தால் எனக்கு அவர்மேல் இவ்வளவு கோபம் இருக்காது. சொல்லித்தரத் தெரியாத ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தெரியாதவர்மேல் கோபப்பட்டு என்ன செய்வது? இவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரியும் என்பதை ஒரே ஒரு நாள் எங்கள் கண்முன்னால் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. முதல்நாள் மாலை சார் வந்து, "எல்லாரும் பின்னை எடுத்துருங்க. தாள் கிழியக் கூடாது. நாளைக்கு அணு அமைப்பும் பிணைப்பும்தான் நடத்துறோம். போன வாரமே ஆரம்பிச்சாச்சு. ஆபீசர் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார். "போன வாரம் ஆரம்பிச்சோம் சார்" என்று கத்தினோம். பின்னை எடுக்க எதுவும் கொடுக்கவில்லை. நகத்தால் நெம்பினோம். பல்லால் கடித்து இழுத்தோம். ஒருத்திக்கு உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. தாளில் விழுந்த ஓட்டையை விரலால் தேய்த்துத் தேய்த்து மறைத்தோம்.

மறுநாள் கல்வி அலுவலர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சார் சாக்பீஸை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது நாங்கள் கேட்டிராத குரல். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, வெளியே ஒரே ஒரு புள்ளி வைத்தார். "இது சோடியம். வெளிவட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான். அதை வச்சுக்கிட்டு அதுக்கு நிம்மதியே இல்லை. குடுத்துட்டாத் தேவலைன்னு இருக்கு. இந்தப் பக்கம் குளோரின். அதுக்கு ஒண்ணே ஒண்ணு குறையுது. யார்கிட்டடா வாங்கலாம்னு அலையுது. ரெண்டும் பக்கத்துல வந்தா என்ன ஆகும்?" யாரோ "குடுத்துரும் சார்" என்றார்கள். "குடுத்த பிறகு? குடுத்ததுக்கு ப்ளஸ், வாங்குனதுக்கு மைனஸ். ப்ளஸ்ஸும் மைனஸும் சேந்தா விடுமா? ஒட்டிக்கும். அந்த ஒட்டுதான் பிணைப்பு. வாலிநோக்கத்துல குவிச்சு வச்சிருக்கான்ல உப்பு, அது அம்புட்டும் இந்த ஒட்டுதான்."

எனக்குச் சிலிர்த்தது. மிகைப்படுத்தவில்லை. அதோடு நிறுத்தவில்லை அவர். "எல்லாமே குடுக்கல் வாங்கல்தானா? குடுக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லைன்னா? கடல்ல இரட்டைமடி வலை பாத்திருக்கீங்களா? ரெண்டு போட்டு சோடியாப் போகும், நடுவுல ஒரே வலை. வலை அவனோடதும் இல்லை, இவனோடதும் இல்லை. ரெண்டு பேருக்கும் பொது. அதை விட்டு ரெண்டு போட்டும் பிரிஞ்சு போக முடியாது. கார்பன் அப்படித்தான். நாலு எலக்ட்ரானை நாலு பேரோட பங்கு போடும். அதான் நாலு கோடு. ஒரு கோடுங்கிறது ரெண்டு பேர் சேந்து பிடிச்சிருக்கிற ஒரு சோடி எலக்ட்ரான்." கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன், இராமேஸ்வரத்துப் பிள்ளை, "சார், இரட்டைமடி தடை சார்" என்றான். "ஏலே, கடல்லதான்டா தடை. கார்பனுக்கு எவன்டா தடை போட முடியும்?" என்றார் சார். கல்வி அலுவலர் வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பயமில்லாமல் அவர் வகுப்பில் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

என் தோழி சிரிக்கவில்லை. குனிந்து தன்னுடைய பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மீத்தேன் படத்தில் ஒவ்வொரு கோடாக விரல் வைத்தாள். "அட... பங்குடி. எல்லாமே பங்கு" என்று முணுமுணுத்தாள். பிறகு கையைத் தூக்கினாள். "சார், பங்குன்னா ரெண்டு பேருக்கும் சரிசமமாவா சார் இருக்கும்?" நல்ல கேள்வி. இன்று நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இப்படி ஒரு கேள்வியை ஒரு மாணவி கேட்டால் அந்த வாரம் முழுவதும் எனக்கு உற்சாகமாக இருக்கும். சாருக்கும் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன். "அதான் அடுத்தது. தண்ணியில என்ன நடக்குதுன்னா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கல்வி அலுவலர் எழுந்துவிட்டார். "ரொம்பப் பிரமாதம்" என்று கைகொடுத்தார். இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். சார் திரும்பி வரவில்லை.

மறுநாள் அவர் வந்ததும் இவள் எழுந்து நின்றாள். "சார், தண்ணியில என்ன நடக்குதுன்னு பாதியில விட்டுட்டீங்க." சார் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "ஆபீசர் போயிட்டாரும்மா. பின்னைப் போடு" என்றார். ஸ்டேப்ளர் மறுபடி முதல் பெஞ்சிலிருந்து கிளம்பியது.

அரசுத் தேர்வில் எங்கள் இருவருக்கும் வேதியியலில் நல்ல மதிப்பெண். பேனரில் அவள் படம் போட்டார்கள். அவள் மதுரையில் ஒரு கல்லூரியில் மருந்தியல் சேர்ந்தாள். நான் இராமநாதபுரத்திலேயே விலங்கியல். மருந்தியலில் முதல் வருடமே வேதியியல்தான் தலைக்கு மேலே நிற்கும். அங்கே முதல்நாள் பேராசிரியர், "பிணைப்பெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. அதனால நேரா உள்ள போயிரலாம்" என்று தொடங்கினாராம். எனக்கும் அதே வசனம்தான். எல்லாக் கல்லூரியிலும் அதே வசனம். பள்ளியில் பின் அடித்த பாடத்தைக் கல்லூரியில் படித்ததாக வைத்துக்கொண்டு தாண்டுவார்கள். நடுவில் விழுகிறவள் விழுந்துகொள்ள வேண்டியதுதான்.

நான் விழவில்லை. அதற்கு நான் புத்திசாலி என்று காரணம் சொல்ல மாட்டேன். நான் கோபக்காரி. பழைய புத்தகத்தை எடுத்துப் பின்னைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல், முட்டி மோதி அந்த இரண்டு பாடத்தையும் படித்தேன். எனக்கு வேண்டியிருந்தது விலங்கியலில் ஒரு தாளுக்கு. அவளுக்கோ படிப்பே அதன்மேல்தான் நின்றது. ஒரு மருந்து ஏன் ரத்தத்தில் கரைகிறது, ஏன் கொழுப்பில் தங்குகிறது, செல்லின் சவ்வைத் தாண்டி எது உள்ளே போகும், எது போகாது, எல்லாமே பிணைப்பு. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். அங்கே கேள்விகள் மாறி மாறி வந்தன. இரண்டு வேதியியல் தாளிலும் தோற்றாள். மறுபடி எழுதினாள். மறுபடி தோற்றாள். இரண்டாம் வருடத்துக்குப் போக முடியாமல் தேங்கி நின்றாள்.

அப்போது ஊருக்கு வந்திருந்தவள் சாருக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பாடத்தோடு அப்போதுதான் மோதிக்கொண்டிருந்தேன், சொல்லித்தரும் அளவுக்கு எனக்கே பிடிபட்டிருக்கவில்லை. "சார், அந்தப் பிணைப்புப் பாடத்த மட்டும் ஒரு தடவ சொல்லித் தாரீங்களா சார்? ஞாயித்துக்கிழம வாரேன். கூட யாரையாச்சும் கூட்டிட்டே வாரேன்" என்றாள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "மேல்படிப்பு எல்லாருக்கும் ஒத்து வராதும்மா. சில பேருக்கு மண்டையில ஏறாது. அதுக்கு வருத்தப்படக் கூடாது. வீட்டோட இருந்து பாரு." மிகவும் அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். அன்பாகச் சொன்னதால் நம்பிவிட்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாப்பா சவூதியிலிருந்து, "இன்னொரு தடவ எழுதும்மா, நான் இருக்கேன்ல" என்று எவ்வளவோ கெஞ்சினார். "எனக்கு ஏறாது வாப்பா" என்று சொல்லிவிட்டாள். மருந்துக் கடைப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

அவர் நல்ல மனிதர் என்பார்கள். பள்ளியில் ஒரு பையன் மயங்கி விழுந்தபோது தன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளின் கல்யாணத்துக்கு எங்கே கூப்பிட்டாலும் வந்து மொய் எழுதுவார். சரி. அதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். மார்க் எடுக்க வைத்தாரே, அப்பன் ஆத்தா கேட்டது மார்க்தானே என்பார்கள். அதுவும் சரி. என் அய்யா அதைத்தான் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத என் அய்யா மார்க்கைத்தான் கேட்பார், அவருக்கு வேறு என்ன தெரியும்? சாருக்குத் தெரியும். வேதியியல் என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான்.

இப்போது அந்த வழக்கமெல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. முதல் வருட விலங்கியல் மாணவர்களுக்கு உயிர்வேதியியல் எடுப்பது நான்தான். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், உப்பு தண்ணீரில் ஏன் கரைகிறது, எண்ணெய் ஏன் கரைவதில்லை என்று கேட்கிறேன். சமன்பாடு எழுதுகிறார்கள். அழகாக, ஒரு புள்ளி பிசகாமல். ஏன் என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அந்தக் குனிந்த தலைகளைப் பார்க்கும்போதெல்லாம் யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கும். அந்தப் பிள்ளைகளை அல்ல.

மலருக்கு எழுத முடியாது என்பதை நேரில் சொல்லலாம் என்று போன வாரம் கீழக்கரைக்குப் போனேன். விழாவில் வரவேற்புரை அவள்தான். இப்போது வீட்டில் இருந்தபடி துணி விற்கிறாள். மேசை முழுவதும் சேலைக் கட்டு. ஒதுக்கிவிட்டுத் தேநீர் வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"இன்னுமா புள்ள அதையே பிடிச்சுத் தொங்குற? சார் பாவம்டி. வயசாகிப் போச்சு."

"உன் படிப்பு போனதுக்கு அந்த ஆள்தான் காரணம்."

"அவரு என்ன பண்ணுவாரு? எனக்கு ஏறல. நீயும் அதே கிளாஸ்தான், அதே பின்னுதான். உனக்கு ஏறுச்சுல்ல?"

"நான் அந்தப் பாடத்தப் படிச்சேன். உனக்கு யாரும் சொல்லித்தரல. அதுதான் வித்தியாசம்."

"சொல்லித் தந்தாலும் எனக்கு ஏறியிருக்காதுடி. விடு."

விடவில்லை. மேசையில் இருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். உப்பை எடுத்து வரச் சொன்னேன். "பைத்தியக்காரி" என்றபடி எடுத்து வந்தாள். அன்றைக்கு அவர் எந்த இடத்தில் விட்டாரோ அங்கிருந்து தொடங்கினேன். அவருடைய உதாரணத்தைத்தான் எடுத்தேன். அதைவிட நல்லதாக எனக்கு ஒன்று இதுவரை கிடைக்கவில்லை. அதை நினைத்தாலும் எரிச்சல்தான்.

"இரட்டைமடி ஞாபகம் இருக்கா? ரெண்டு போட்டு, ஒரு வலை. பங்கு சரிசமமான்னு கேட்டேல்ல? எப்பவும் இல்ல. ஒரு போட்டுக்கு எஞ்சின் பெருசுன்னு வையி. வலை எந்தப் பக்கம் சாயும்?"

"பெரிய எஞ்சின் பக்கம்."

"தண்ணியில ஆக்சிஜன்தான் பெரிய எஞ்சின். ஹைட்ரஜன் சின்னது. எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கமே சாஞ்சு கெடக்கும். அப்ப அந்தப் பக்கம் என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "லேசா மைனஸ். அப்ப ஹைட்ரஜன் பக்கம் லேசா ப்ளஸ்."

"உப்புல என்ன இருக்கு?"

"ப்ளஸ்ஸும் மைனஸும்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். டம்ளரைப் பார்த்தாள். உப்பு கரைந்துகொண்டிருந்தது. "அப்ப தண்ணியோட மைனஸ் பக்கம் சோடியத்தப் பிடிச்சு இழுக்கும். ப்ளஸ் பக்கம் குளோரின இழுக்கும். சுத்தி நின்னு இழுத்துப் பிரிச்சுரும். அதானா கரையிறது?"

"அதான்."

"எண்ணெயில சாய்மானம் இல்ல. அதனால தண்ணிக்குப் பிடிச்சு இழுக்க ஒண்ணும் இல்ல. அப்படித்தானே?"

அதை நான் சொல்லவே இல்லை. அவளே சொன்னாள். எழுந்து போய் ஜன்னல் திட்டில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். அவளுடைய உம்மா தும்மலுக்குப் போடும் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தாள். "செட்ரிசின் ஹைட்ரோகுளோரைடு. எல்லா மருந்துலயும் இப்படி ஏதாச்சும் ஒரு குளோரைடு வாலு தொங்கும். எதுக்குன்னே தெரியாம மனப்பாடம் பண்ணுவேன். பரிச்சையில மறந்து போகும். இது இதுக்குத்தானா? மருந்தை உப்பாக்கிட்டா, ப்ளஸ் மைனஸ் வந்துரும், தண்ணி பிடிச்சு இழுத்துக் கரைச்சுரும். அதுக்குத்தானா?"

"பெரும்பாலும் அதுக்குத்தான்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு வைத்த தேநீர் ஆறிப் போயிருந்தது. உள்ளே அவளுடைய உம்மா யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. ஒரு வகுப்பு நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. மதுரையில் இரண்டு முறை தோற்று, பெட்டி கட்டிக்கொண்டு வந்து, இத்தனை வருடம் மண்டையில் ஏறாது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது இவ்வளவு நேரத்தில் ஏறிவிட்டது. ஜெயித்தவள் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் போனது.

"இம்புட்டுதானா?" என்றாள். "இதுக்காடி நான் பெட்டி கட்டிட்டு வந்தேன்?"

நான் டம்ளரை ஓரமாக நகர்த்தினேன்.

"ஏன்டி இப்ப வந்து சொன்ன? எனக்கு ஏறாதுன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாத்தானே இருந்தேன். இப்ப நான் என்ன பண்ணணும்? கடையப் போட்டுருவேனா? நாப்பது வயசு ஆகப் போகுது. சொல்லு. என்ன பண்ணணும்?"

மாத்திரை அட்டையை மேசைமேல் எறிந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினாள். முதுகைக் காட்டியபடியே, "நீ போயிட்டு வா புள்ள. நான் அப்புறம் பேசுறேன்" என்றாள். பஸ்ஸில் வரும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு அது சரியான இடத்துக்குத் திரும்பிவிட்டது. அவளிடமிருந்து எடுக்கப்பட்டது என்ன என்பதை அவளுக்கு யாரோ ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். எடுத்தவர் சொல்ல மாட்டார். அவருக்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள்.

நேற்று அவள் போன் செய்தாள். வரவேற்புரைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம். காரணம் கேட்டார்களாம். "உடம்பு சரியில்லன்னு சொல்லலை. வர மனசில்லைன்னே சொல்லிட்டேன்" என்றாள். குரல் பழைய குரல். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்ட குரல். அதை நான் பல வருடமாகக் கேட்கவில்லை.

"நீ எழுதுறேன்னியே, எழுதிட்டியா?" என்றாள்.

"எழுதிட்டிருக்கேன். உன்னைப் பத்தி எழுதலாமா?"

"என் பேரப் போடாத. அவரு பேரும் வேணாம். நடந்ததப் போடு. போன்ல அவரு சொன்னதையும் போடு. ஒண்ணையும் விட்டுறாத."

விடவில்லை.